பழைய காருக்குப் பட்டி போடுதல்: ஒரு மட்கார்டு கற்றுக்கொடுத்தவை

காரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது, முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ்முனையில், கதவை ஒட்டிய இடத்தில், பெயின்ட் மிளகளவு கொப்பளித்திருப்பது கையில் தட்டுப்பட்டது. நகத்தால் அழுத்தினேன். கொப்புளம் உடைந்து, செம்மண் நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. அது 1960களில் தயாரான மாரிஸ் மைனர். வாங்கி ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. வாங்கிய நாளில் அதன் வெளிர் சாம்பல் பெயின்ட் கண்ணாடியைப் போல் இருந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையை அந்த இடத்தில் வைத்து இலேசாக நெம்பியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து வந்தது. வெர்னியர் வைத்து அளந்தேன். தடித்த இடத்தில் 14 மில்லிமீட்டர். குறுக்குவெட்டில் சாம்பல், இளஞ்சிவப்பு, மறுபடியும் சாம்பல் என்று மூன்று முறை போட்ட பட்டி தெரிந்தது. அதற்குள் கம்பிவலைத் துண்டு ஒன்று புதைந்திருந்தது. பாளத்தின் முதுகில் துருவின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அதற்குப் பின்னால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை.

யார் அந்த வேலையைச் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதிலும் பயன் இல்லை. ஆனால் அந்தப் பாளம் ஏன் பெயர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட முயற்சிதான் அதற்குப் பிறகு அந்தக் காரில் நான் செய்த ஒவ்வொரு வேலையையும் தீர்மானித்தது.

கார்ப் பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் என்னும் மாக்கல் பொடியைக் கலந்து செய்வது. அதில் ஸ்டைரீன் என்னும் திரவம் கரைப்பானாகவும், இறுகும்போது பிசினோடு சேர்ந்து பிணையும் பொருளாகவும் இருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு கலந்த ஹார்ட்னரைச் சேர்த்ததும் உள்ளே வேதிவினை தொடங்கி, சூடேறி, சில நிமிடங்களில் கெட்டியாகிவிடுகிறது. இறுகிய பிறகு அது கல்லைப் போல் தோன்றினாலும் கல் அல்ல. டால்க் கலந்த பட்டி ஈரத்தை உறிஞ்சும், தேய்த்த பட்டியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் இருக்கும். மேலே பெயின்ட் இருப்பதால் வெளியிலிருந்து தண்ணீர் எளிதில் நுழையாது. என் மட்கார்டில் தண்ணீர் வந்தது பின்னாலிருந்து. சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் பின்முனையில் தங்கி, ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஈரம் ஓட்டையின் வழியே பட்டியின் முதுகை அடைந்து, பட்டிக்கும் மிச்சமிருந்த தகட்டுக்கும் நடுவே ஊர்ந்திருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த உப்பல்தான் பட்டியைத் தகட்டிலிருந்து நெம்பித் தள்ளியது. ஓட்டையைப் பட்டியால் அடைத்தால் அது எவ்வளவு உயர்ந்த பட்டியாக இருந்தாலும் இதுவே நடக்கும். நாள் மட்டுமே முன்பின் ஆகும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மட்கார்டின் கீழ்முனை, கதவின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, முகப்பு விளக்கைச் சுற்றியுள்ள வளைவு ஆகிய இடங்களில் காந்தம் பிடிக்காமல் நழுவினால் அங்கே தடித்த பட்டி இருக்கிறது என்று பொருள். பெயின்ட் கனம் பார்க்கும் கருவி கிடைத்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒருமுறை மறுபெயின்ட் அடித்திருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு காட்டலாம். ஆயிரத்தைத் தாண்டினால் அது பட்டி. நான் வாங்கும்போது இரண்டையும் செய்யவில்லை.

மாரிஸ் மைனரின் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை என்பது எனக்கு வாய்த்த வசதி. கழற்றி மேசைமேல் கிடத்தி, இருபுறமும் பார்த்து வேலை செய்ய முடிந்தது. துருப்பிடித்த தகட்டை, பளபளப்பான இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்தேன். நான் நினைத்ததைவிட வெட்டு இருமடங்கு பெரிதாகிவிட்டது. ஆனால் துருவை விட்டுவைத்து அதன் ஓரத்தில் வெல்டிங் செய்தால் பற்றவும் பற்றாது, நிற்கவும் நிற்காது. அதே கனமுள்ள புதுத் தகட்டை வளைத்து, விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்து, தூரம் தூரமாகப் புள்ளிவைத்து, ஒவ்வொரு புள்ளியும் ஆறிய பிறகு அடுத்ததைத் தொட்டு இணைத்தோம். ஒரே இழுப்பில் வெல்டிங் போட்டால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். அந்த நெளிவை மறைக்கப் பிறகு பட்டி தேட வேண்டியிருக்கும். வெல்டிங்கைத் தேய்த்து முடித்ததும் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனையளவில் நான்கு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் வரும் வழியில் தண்ணீரும் வரும். நான்கையும் மறுபடி வெல்டிங் வைத்து அடைத்தோம்.

"தோம்" என்று எழுதுவதற்குக் காரணம், டிங்கரிங் வேலையில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் என்னுடன் இருந்தார். சுத்தியையும், தகட்டின் பின்னால் அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியையும் அவர் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான் நான் பிடிக்கப் பழகினேன். ஒடுக்கு எழும்பி ஓரளவு சமமாகிவிட்டது என்று நினைத்து நான் பட்டி டப்பாவைத் திறக்கப் போனபோது அவர், "இன்னும் ரெண்டு நாள் தட்டலாம் தம்பி, பட்டி எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார். அந்த இரண்டு நாளில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருந்த பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. தகட்டை அழுத்தினால் டக்கென்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும் இடம் ஒன்றும் இருந்தது. அங்கே தகடு நீண்டு தளர்ந்திருக்கிறது. சூடு காட்டிச் சுருக்கினால்தான் அடங்கும். அப்படி ஆடும் தகட்டின்மேல் பட்டி போட்டால் சாலை அதிர்வில் விரிசல் விடும். பழைய முறையில் ஒடுக்கை இழுக்கத் துளை போட்டுக் கொக்கி மாட்டுவார்கள். என் காரின் கதவில் அப்படிப் போட்ட ஏழு துளைகளைப் பட்டிக்கு அடியில் கண்டேன். ஏழைச் சுற்றியும் துரு. இப்போது தகட்டின்மேல் சிறு ஆணியைப் பற்றவைத்து இழுத்துவிட்டுத் தேய்த்துவிடும் கருவி இருக்கிறது. துளை போட வேண்டிய தேவையே இல்லை.

இந்த வேலைகள் முடிந்த பிறகு பட்டிக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். தேய்த்து முடித்த பின் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி நிற்கக் கூடாது என்பதை நான் எல்லையாக வைத்துக்கொண்டேன். ஆறு மில்லிமீட்டர் வரை போடலாம் என்று சில டப்பாக்களில் எழுதியிருக்கிறது. அதை ஓர் அனுமதியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பட்டி பழக்கத்துக்கு வருவதற்கு முன், இந்தக் கார்கள் தயாரான காலத்தில், மூட்டுகளையும் பள்ளங்களையும் ஈயத்தால் நிரப்பினார்கள். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, முழுதாக உருக இன்னும் எழுபது டிகிரிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் அது பிசைந்த களிமண்ணைப் போல் இருப்பதால், மரக்கரண்டியால் தடவி உருக்கொடுக்க முடிகிறது. உங்கள் காரில் பெயின்ட்டை உரிக்கும்போது மங்கிய வெள்ளி நிறத்தில் மென்மையான உலோகம் தெரிந்தால் அது இந்த ஈயமாக இருக்கலாம். அதைச் சுழல்தட்டால் தேய்க்காதீர்கள். ஈயத்தூசு மூச்சில் போகும். நன்றாகப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பழைய பெயின்ட்டிலும் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காமல் ரசாயன உரிப்பானால் எடுப்பதே பாதுகாப்பு.

இனி, எந்தப் பட்டி என்பது. கடைத்தட்டில் உள்ள டப்பாக்கள் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் வேலை வேறு வேறு. கண்ணாடி இழைத்துணுக்குகள் கலந்த பட்டி வலுவானது, தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் தேய்ப்பதற்குக் கடினமானது. வெல்டிங் கோட்டின்மேல் முதல் பூச்சாக நான் அதைத்தான் மெல்லியதாகப் போட்டேன். அலுமினியப் பொடி கலந்தது அதற்கு அடுத்தபடி. டால்க் பட்டியைவிட ஈரத்தைத் தாங்கும், விளிம்புகளில் உடையாமல் நிற்கும், ஆகவே கதவின் ஓரம், பானெட்டின் மூக்கு போன்ற இடி வாங்கும் இடங்களுக்கு ஏற்றது. நுண்ணிய கண்ணாடிக் குமிழ்கள் கலந்த இலகுவான பட்டிதான் பரந்த பரப்புக்கு வசதியானது. வெண்ணெயைப் போல் பரவும், உப்புத்தாளில் எளிதாகத் தேயும். கடைசியாக வரும் மெல்லிய முடிப்புப் பட்டி, ஊசித்துளைகளையும் தாளின் கீறல்களையும் நிரப்புவதற்கு மட்டும். இவற்றோடு ட்யூபில் வரும், ஹார்ட்னர் தேவைப்படாத ஒற்றைப் பட்டி ஒன்றும் உண்டு. அது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே இறுகுவது. மேலே காய்ந்து உள்ளே காயாமல் இருந்து, பெயின்ட் அடித்து வாரக்கணக்கான பிறகும் சுருங்கிக்கொண்டே போகும். பழைய காரில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. துத்தநாகம் பூசிய புதுத் தகட்டை இணைத்திருந்தால், அதற்குப் பொருந்தும் என்று டப்பாவில் சொல்லியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். துத்தநாகத்தைப் பற்றாத பட்டிகளும் உண்டு.

பட்டி எதன்மேல் உட்கார வேண்டும் என்பதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். கதவின் தகட்டைப் பளிச்சென்று தேய்த்தபின், இரவில் துருப்பிடித்துவிடுமே என்ற அச்சத்தில் அமிலம் கலந்த எட்ச் பிரைமரை அடித்துவிட்டு, மறுநாள் அதன்மேல் பட்டி போட்டேன். மேலே நன்றாக இறுகியது, தேய்க்கவும் முடிந்தது. ஆனால் ஓரத்தைத் தேய்த்து மெலிதாக்கும்போது, ஆறிய புண்ணின் பொருக்கைப் போல் அது எழும்பி உரிந்தது. அடியில் தொட்டால் பிசுபிசுப்பு. பிரைமரில் உள்ள அமிலம் ஹார்ட்னரின் வேலையைக் கெடுத்து, பட்டி தகட்டைத் தொடும் இடத்தில் இறுக விடாமல் செய்திருக்கிறது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். பட்டிக்கு இரண்டு அடித்தளங்களே சரி. ஒன்று, கொழுப்பு நீக்கித் துடைத்து 80 எண் தாளால் கீறல் விழத் தேய்த்த வெறும் இரும்பு. மற்றொன்று, அதே இரும்பின்மேல் இரு பாகமாகக் கலந்து அடித்த எபாக்ஸி பிரைமர். எபாக்ஸி ஈரத்தைத் தடுக்கும் நல்ல அரண். அதை அடித்துவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளிக்குள் நேரடியாகவோ, அதைத் தாண்டிவிட்டால் தாளால் சொரசொரப்பாக்கிய பிறகோ பட்டி போடலாம். வேலை நாள்கணக்கில் நீளும் என்றால் நான் எபாக்ஸியையே தேர்ந்தெடுக்கிறேன். பழைய பெயின்ட்டின்மேல் பட்டி ஏறக் கூடாது. ஸ்டைரீன் பழைய லாக்கர் வகைப் பெயின்ட்டை இளக்கிச் சுருங்க வைத்துவிடும்.

கலப்பது சிறிய வேலைதான். ஆனால் கெடுவதெல்லாம் அங்கேதான் கெடுகிறது. எடையில் நூற்றுக்கு இரண்டு என்பது பொதுவான அளவு: 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர். கண்ணால் பார்த்து ஊகிப்பதை விட்டுவிட்டு நான் சிறு மின்தராசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதற்கு முன், டப்பாவைத் திறந்ததும் அடிவரை கிளறிக் கலக்க வேண்டும், ஏனெனில் பிசின் மேலே மிதந்து பொடி கீழே படிந்திருக்கும். ஹார்ட்னர் ட்யூபையும் மூடியிருக்கும்போதே பிசைந்துவிட வேண்டும். அட்டையின்மேல் கலக்கக் கூடாது. அட்டை பிசினின் ஸ்டைரீனை உறிஞ்சிக்கொள்ளும், நாரும் கலந்துவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் பலகையோ தகடோ போதும். பட்டியைத் தடவும் பட்டித்தகட்டால் அடித்துக் கலக்கினால் காற்று புகும். மடித்து, அழுத்தி, இழுத்து, மறுபடி மடிக்க வேண்டும். சிவப்பு ஹார்ட்னரின் ஒரு கோடுகூடத் தனியாகத் தெரியாமல் முழுவதும் ஒரே நிறமாக வந்தால் கலந்துவிட்டது என்று பொருள். கோடு தெரிந்தால் அந்தக் கோட்டுக்கு அக்கம்பக்கத்தில் ஓரிடம் இறுகாமல் நிற்கும்.

குளிரான ஒரு மாலையில் பட்டி இறுக நேரமாகிறதே என்று ஹார்ட்னரை இருமடங்கு சேர்த்தேன். விரைவாகத்தான் இறுகியது. பெயின்ட் அடித்து இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தில் மட்டும் மங்கலான ஒரு மஞ்சள் வட்டம் எழுந்தது. வினையில் பயன்படாமல் மிஞ்சிய பெராக்சைடு, பிரைமரையும் பெயின்ட்டையும் ஊடுருவி மேலே வந்து நிறத்தைக் கெடுத்திருந்தது. வெளிர் நிறக் கார்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மறைப்பதற்கு வழி இல்லை, எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். குளிரில் செய்ய வேண்டியது தகட்டையும் அறையையும் முன்பே இதமாகச் சூடாக்குவதுதான். 20 டிகிரி செல்சியஸையொட்டிய வெப்பத்தில் நான்கைந்து நிமிடம் கையாளவும், இருபது நிமிடத்தில் தேய்க்கவும் முடிகிறது. வெயில் நாளில் இந்த நேரம் பாதியாகிவிடும் என்பதால் ஒருமுறைக்கு எலுமிச்சையளவு மட்டும் கலந்துகொள்வேன். இழுக்கும்போது கட்டிகட்டியாக உருளத் தொடங்கிவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். மிஞ்சிய கலவை தன் சூட்டில் கொதிக்கும். அதைப் பரப்பி ஆறவிட்டுத்தான் குப்பையில் போடலாம்.

முதல் பூச்சு மெல்லியது. தகட்டின் கீறல்களுக்குள் பட்டியைத் திணிப்பதுபோல் பட்டித்தகட்டைச் சாய்த்து அழுத்தி இழுத்தால், உள்ளே இருக்கும் காற்று வெளியேறிப் பிடிமானம் கிடைக்கும். அதன்மேல் அடுத்த பூச்சு நிரப்புவதற்கு. பள்ளத்தின் எல்லையோடு நிறுத்திவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, நானும் செய்தேன். பள்ளத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலம் கூடுதலாகப் பரப்பினால்தான் தேய்க்கும் கட்டைக்குச் சுற்றியுள்ள நல்ல தகடு வழிகாட்டும்.

இறுகிய பட்டியின் மேற்பரப்பு காற்றுப்பட்டுச் சற்றே பிசுக்காக இருக்கும். நேரடியாக நுண்தாளை வைத்தால் தாள் அடைத்துக்கொள்ளும். ஆகவே அரை இறுக்கத்தில், சீஸ் துருவியைப் போன்ற அரத்தால் உயர்ந்த மேட்டை வழித்து எடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பிறகு நீண்ட கட்டையில் 80 எண் தாளை மாட்டி, ஒருமுறை இடமிருந்து வலமாகச் சாய்வாகவும் மறுமுறை எதிர்ச்சாய்வாகவும் தேய்க்க வேண்டும். விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல்களுக்கு இடையே மேடும் விரலுக்குக் கீழே பள்ளமும் உண்டாகும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, பெயின்ட் பளபளக்கும் நாளில் தெரியும். 80க்குப் பிறகு 120, பிறகு 180. மூக்கிலும் வாயிலும் பொருந்தும் முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

மட்கார்டின் வளைவை நான் கையால்தான் பார்த்தேன். மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து, விரல்களை மடக்காமல், நீளவாக்கில் மெதுவாக நகர்த்தினால், கண் தவறவிட்ட அலை கையில் ஏறி இறங்குவது தெரியும். துணி இல்லாமல் தொட்டால் தோல் உராய்வை உணரும். துணி இருந்தால் உருவத்தை உணரும். அதோடு கருப்புப் பொடியைப் பரப்பில் தூவித் துடைத்துவிட்டுத் தேய்ப்பேன். பள்ளத்தில் கருப்பு மிஞ்சும், மேட்டில் முதலில் போய்விடும். கருப்பு மிஞ்சிய இடத்தைத் துரத்தித் துரத்திச் சுற்றிலும் தேய்த்துப் பள்ளத்தைப் பெரிதாக்கிவிடக் கூடாது. அங்கே இன்னொரு மெல்லிய பூச்சு போடுவதே சரி. கதவில் ஓடும் கூர்மையான மடிப்புக்கோட்டில், கோட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, மறுபக்கம் பட்டி போட்டுத் தேய்த்து முடித்து, தாளைப் புது விளிம்புக்கு மாற்றி எதிர்ப்பக்கத்தைச் செய்தால் கோடு நூல் பிடித்ததுபோல் வரும்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தூசு பறக்காது, பரப்பு வழவழப்பாக வரும் என்பது உண்மை. ஆனால் ஈரத்தை உறிஞ்சும் ஒரு பொருளுக்கு நாமே தண்ணீர் ஊட்டி, அதன்மேல் பிரைமரால் மூடிவிடுகிறோம். வெயில் ஏறும்போது அந்த ஈரம் வெளியேற வழி தேடும். பட்டியை எப்போதும் உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர்த் தாளை, பிரைமர் முழுதாகக் காய்ந்து அதன் பரப்பு மூடிய பிறகே தொட வேண்டும்.

இரண்டு தகடுகள் சேரும் மூட்டில் பட்டி போடக் கூடாது. கார் ஓடும்போது அந்த மூட்டு அசையும், பட்டி அசையாது, ஆகவே மூட்டின் நீளத்துக்கு விரிசல் வரும். அதற்கு ரப்பரைப் போல் இளகி நிற்கும் சீலர் இருக்கிறது.

முடிப்புப் பட்டியைத் தேய்த்த பின் எபாக்ஸி ஒருமுறை, அதன்மேல் நுண்கீறல்களை நிரப்பிச் சமமாக்கும் பிரைமரான இரு பாகச் சர்ஃபேசர் இரண்டு முறை அடித்தேன். சர்ஃபேசரின் ஹார்ட்னரில் மூச்சுக்குத் தீங்கான ஐசோசயனேட் இருப்பதால் சாதாரண முகமூடி போதாது. தனிக் காற்றுக்குழாயுள்ள முகக்கவசம் வேண்டும், அது இல்லை என்றால் இந்த ஒரு வேலையைப் பெயின்டரிடம் விட்டுவிடலாம். அதற்குப் பிறகு அவசரப்படாமல் சில வாரம் விட்டுவைத்தேன். பட்டியும் பிரைமரும் கடைசிக் கரைப்பான் துளிகளை இழக்கும்போது சிறிது சுருங்கும். அது முடிவதற்குள் பெயின்ட் அடித்தால், பட்டியின் ஓரம் ஒரு வட்டக்கோடாகப் பெயின்ட்டின்மேல் எழுந்துவிடும். கருநிறக் கார்கள் வெயிலில் அதிகம் சூடேறுவதால் அவற்றில் இந்தக் கோடு விரைவில் வெளிப்படும்.

மட்கார்டின் உள்பக்கத்துக்கும் அதே எபாக்ஸியை அடித்து, அது காய்ந்ததும் மெழுகு கலந்த துருத்தடுப்பானை மடிப்புகளுக்குள் பீய்ச்சினேன். மட்கார்டுக்கும் உடலுக்கும் நடுவே வரும் விளிம்புப் பட்டையான பழைய பைப்பிங்கை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, போல்ட்களுக்கு மசகு தடவி முடுக்கினேன். கனமானி அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் இப்போது 900 மைக்ரானையொட்டிக் காட்டுகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சக்கரத்துக்குப் பின்னால் குழாயை நுழைத்து, தண்ணீர் தெளிவாக வழியும் வரை அந்தச் சேற்றை நான் கழுவிவிடுகிறேன்.